நாற்காலியில் கழியும் நேரம்: ஆப்பிரிக்கப் பின்னல் நிலையங்களில் வாடிக்கையாளர் சேவையின் வரலாறு

முன்னுரை

காலை பத்து மணிக்குப் பின்னல் நிலையத்துக்குள் நுழையும் பெண், மிக மெல்லிய பின்னல்களைக் கேட்டிருந்தால், வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். காசு கொடுத்துப் பெறும் சேவைகளில், ஒருவர் தலையும் இன்னொருவர் விரல்களும் இத்தனை மணி நேரம் பிரியாமல் இருப்பது வேறெதிலும் அரிது. நியூயார்க்கின் ஹார்லெம் ஆனாலும் பாரிசின் ஷாத்தோ தோ ஆனாலும், இந்நிலையங்களைப் பற்றிய வாடிக்கையாளர் குறைகள் ஏறக்குறைய ஒன்றே. சொன்ன நேரத்துக்குப் போயும் காக்க வைத்தார்கள். பாதித் தலையோடு விட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார்கள். இழுத்த இழுப்பில் இரண்டு இரவு தலையணையில் தலை வைக்க முடியவில்லை. தங்களுக்குள் வேறு மொழியில் பேசிச் சிரித்தார்கள்.

பின்னுபவர்களுக்கும் குறைகள் உண்டு. முன்பே பேசிய விலையை எழுந்திருக்கும்போது குறைக்கப் பார்க்கிறார்கள். சிக்கெடுக்காத தலையோடு வருகிறார்கள். எட்டு மணி நேரம் நின்ற காலைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

இருதரப்புக் குறைகளையும் குணக்குறையாகக் கொள்வது எளிது. இக்கட்டுரை அவற்றை வரலாற்றின் விளைவாகக் காண்கிறது. பின்னலுக்குப் பிடிக்கும் நேரம் காலந்தோறும் பெரிதாக மாறவில்லை. அந்த நேரத்தின் சுமையை யார் தாங்குவது என்பதே மாறி வந்திருக்கிறது. சேவை பற்றிய ஒவ்வொரு பூசலின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

1. முற்றத்துப் பின்னல்

மேற்கு ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் பின்னல் ஓர் அடையாள மொழியாக இருந்தது. வயது, மணநிலை, குலம், துக்கம் ஆகியவற்றைத் தலை சொல்லும். யொரூபா மக்கள் தலையை ஒருவரின் விதி தங்கும் இடமாகக் கருதினர். எனவே அதைத் தொடுபவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும். உதிர்ந்த முடி பகைவர் கைக்குப் போனால் தீங்கு நேரும் என்ற அச்சமும் பல இடங்களில் இருந்தது. முடி பின்னுபவரை யொரூபா மொழியில் 'ஓனிதிரி' என்பார்கள். நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒக்ஹாய் ஒஜெய்க்கெரே 1968 முதல் பல ஆண்டுகள் இச்சிகைகளைப் படமெடுத்தார். பெரும்பாலும் பின்புறத்திலிருந்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் படங்களில், பெண்களின் தலைகள் சிற்பங்களைப் போல நிற்கின்றன.

உறவினர் கூடிப் பின்னும் வீட்டு முற்றத்தில் நேரத்துக்குக் கணக்கு இல்லை, ஏனெனில் அது திரும்பி வரும் நேரம். இன்று அத்தை எனக்குப் பின்னினால் நாளை நான் அவள் மகளுக்குப் பின்னுவேன். செனகலின் வொலோஃப் சமூகத்தில் ஏற்பாடு சற்று வேறு. அங்கே பின்னல் கைவினைக் குலத்துப் பெண்களின் பரம்பரைத் தொழிலாகக் கருதப்பட்டது. உயர்குலப் பெண்கள் அதைக் கூலிக்குச் செய்வது இழுக்கு. ஆனால் அங்கும் பின்னுபவளும் பின்னிக்கொள்பவளும் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அறிமுகமில்லாத விரலுக்குத் தலையைக் கொடுக்கும் நிலை அரிதாகவே வந்தது.

2. ஞாயிற்றுக்கிழமையும் முக்காடும்

அடிமை வாணிகம் இந்த உறவை அறுத்தது. அமெரிக்கத் தோட்டங்களில் வாரம் முழுதும் உழைத்தவர்களுக்கு முடியைக் கவனிக்க ஞாயிறு ஒன்றே மிஞ்சியது. நேரம் முதன்முறையாக அரிய பொருளாயிற்று. 1786-இல் ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவின் ஆளுநர் மீரோ, ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான பெண்கள் முடியைத் துணியால் கட்டி மறைக்க ஆணையிட்டார். விடுதலைக்குப் பின் வேலைச்சந்தையும் பள்ளியும் நேரான முடியையே எதிர்பார்த்தன. மேடம் சி. ஜே. வாக்கர் போன்ற கறுப்பினத் தொழில்முனைவோர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கலைத் தொழிலைக் கட்டியெழுப்பினர். அந்த அழகு நிலையங்கள் கறுப்பினப் பெண்களுக்கு மதிப்பும் வருவாயும் தந்தன. எனினும் அவற்றின் மையம் பின்னலன்று. முடிப் பராமரிப்பும் சூடான சீப்பும், பின்னாளில் முடியை நேராக்கும் இரசாயனமும். பின்னல் அடுக்களை நாற்காலிக்கும் சிறுமிகளின் தலைக்கும் ஒதுங்கியது.

3. நிலையமாக மாறிய அடுக்களை

1960-களின் கறுப்பின எழுச்சி இயற்கை முடிக்கு மீண்டும் மதிப்புத் தந்தது. நடிகை சிசிலி டைசன் 1970-களின் தொடக்கத்தில், மண்டைத்தோலை ஒட்டி வரிவரியாகப் போடும் கார்ன்ரோ பின்னலோடு பொதுமேடைகளில் தோன்றினார். 1980-இல் தலைநகர் வாஷிங்டனில் பமேலா ஃபெரெல், தாலிப்-தின் உக்தா இணையர் 'கார்ன்ரோஸ் அண்ட் கோ' நிலையத்தைத் தொடங்கினர். முன்பதிவு, விலைப்பட்டியல், பயிற்சி பெற்ற பணியாளர் எனப் பின்னல் ஒரு முறையான சேவைத் தொழிலாகத் தலையெடுத்தது.

அன்று அந்த நாற்காலியில் அமர்ந்தவர் தம் வேலையையே பணயம் வைக்க நேர்ந்தது. 1981-இல் ரெனீ ராஜர்ஸ் என்ற விமான நிறுவன ஊழியர் தொடுத்த வழக்கில், பின்னலைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னல் பிறவியில் வருவதன்று, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் வாதம். அதனால் முதல் தலைமுறை நிலையங்களில் சேவை என்பதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. அலுவலகத்துக்கு எந்தப் பின்னல் பொருந்தும், எதைக் கொண்டையாகச் சுருட்டி அடக்கலாம் என்ற அறிவுரையும் பின்னுபவரின் வேலையாயிற்று. 2019-இல் கலிபோர்னியா 'கிரவுன்' சட்டத்தை இயற்றி முடி சார்ந்த பாகுபாட்டைத் தடுத்தது. வேறு மாநிலங்களும் தொடர்ந்தன. இடைப்பட்ட 38 ஆண்டுகளும் அந்த அறிவுரைக்குத் தேவை இருந்துகொண்டே இருந்தது.

4. டக்காரிலிருந்து 116-ஆம் தெருவுக்கு

1980-களில் செனகலிய ஆண்கள் நியூயார்க்கின் நடைபாதைகளில் வணிகம் செய்ய வந்தனர். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பன்முக விசாவுக்கு வழி திறந்தது. 1994 ஜனவரியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் சி.எஃப்.ஏ. பிராங்க் பாதி மதிப்பை இழந்தது. ஒரே இரவில் வீட்டுச் செலவு தாங்காமல் போன குடும்பங்களுக்கு டாலர் வருவாய் உயிர்நாடியாயிற்று. பெண்களும் பெருமளவில் புறப்பட்டனர். ஹார்லெமின் மேற்கு 116-ஆம் தெருவுக்குக் 'குட்டி செனகல்' என்ற பெயர் நிலைத்தது. 125-ஆம் தெருவில் சுரங்க ரயில் படியேறி வருவோரை அணுகி, பின்னல் வேண்டுமா என்று கூவி அழைப்பதும் வழக்கமாயிற்று.

இந்தக் குடிப்பெயர்வு செனகலின் குல ஒழுங்கையே அசைத்தது. வரலாற்றாசிரியர் செய்க் அந்தா பாபூ 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. ஊரில் பின்னலைக் கூலிக்குத் தொடாத குலத்துப் பெண்களும் அமெரிக்காவில் அதையே தொழிலாக்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, மதிப்பும் சொல்லுரிமையும் பெற்றனர். தலைமுறை அறிமுகத்தில் ஊன்றியிருந்த கலை, முன்பின் அறியாதவருக்கு விற்கும் உழைப்பாக மாறியது இங்கேதான்.

விற்பனையின் அலகு எது என்பதே இப்போது முதன்மையான கேள்வி. நிலையங்கள் மணிக்கு இவ்வளவு என்று விலை வைக்கவில்லை. பின்னலுக்கு இவ்வளவு என்று வைத்தன. கட்டம் கட்டமாக வகிடெடுத்துத் தொங்கவிடும் பாக்ஸ் பின்னலுக்கு ஒரு விலை. முறுக்கிவிடும் செனகலிய முறுக்குக்கு ஒரு விலை. ஐந்து மணியில் முடிந்தாலும் ஒன்பது மணி ஆனாலும் தொகை ஒன்றே. கூடுதலாகும் ஒவ்வொரு மணியும் பின்னுபவரின் நட்டம். தொகையில் ஒரு பங்கு நிலைய உரிமையாளருக்கோ நாற்காலி வாடகைக்கோ போய்விடும். அடர்த்தியான தலை வந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பின்னுவதும், ஒரு தலை நடக்கும்போதே அடுத்ததைத் தொடங்கி வைப்பதும், வாசலில் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அரை மணியில் ஆகிவிடும் என்று சொல்வதும் இக்கணக்கிலிருந்து பிறந்தவை. காக்க வைக்கப்பட்டவரின் கோபம் நியாயமானது. காக்க வைத்தவரின் நெருக்கடியும் மெய்யானது.

5. நெற்றியோரம்

இந்தச் சேவையின் உள்ளியல்பை அறிய விரல்களின் அருகே போக வேண்டும். பின்னுபவர் வால் சீப்பின் முனையால் வகிடெடுக்கிறார். களிம்பு தடவி முடியை அடக்குகிறார். ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் தயாரிக்கும் கனேகலான் போன்ற செயற்கைச் சவுரியில் ஒரு கற்றை பிரிக்கிறார். பழைய முறையில் சவுரி முடிவேரிலேயே முடிச்சாக ஏறும். முழுப் பாரத்தையும் வேர் தாங்க வேண்டும். இன்று பரவியிருக்கும் முடிச்சில்லா முறையில் சொந்த முடியில் பின்னலைத் தொடங்கி, சவுரியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் போகிறார்கள். இழுப்பு குறைகிறது, நேரம் கூடுகிறது, விலையும் ஏறுகிறது. கடைசியில் நுனிகளை வெந்நீரில் முக்கி எடுத்தால் பின்னல் பிரியாது.

விரல் நெற்றியோரத்துப் பூமுடிக்கு வரும்போதுதான் சேவையின் தரம் தெரியும். அங்கே முடி மெலிது. இறுக்கினால் பின்னல் நெடுநாள் நிற்கும், பார்வைக்கும் கச்சிதம். ஆனால் தொடர்ந்த இழுப்பால் வேர் நலிந்து, நெற்றி மேலேறிப் போகும் வழுக்கை வரலாம். முற்றிவிட்டால் முடி திரும்பாது. பின்னுபவர் ஒரு கணம் நிறுத்தி, வலிக்கிறதா என்று கேட்பதும், கேட்காமல் அடுத்த கற்றைக்குப் போவதும் வாடிக்கையாளர் வாழ்நாளெல்லாம் நினைவில் வைக்கும் வேறுபாடு. அந்த ஒரு கணத்தையும் நேரக்கணக்கு விழுங்கிவிடுகிறது என்பதே வேதனை.

மொழிப் பூசலையும் இங்கேயே வைத்துப் பார்க்கலாம். தலைக்கு மேலே வொலோஃப் ஓடும்போது கீழே அமர்ந்தவர் தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறார். பின்னுபவருக்கோ பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வாழும் நாளில் ஊர் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தப் பேச்சு. ஒரே கண்டத்தில் வேர் கொண்ட இருவரிடையே கடல் பிரித்த நூற்றாண்டுகளும் கூடவே அமர்ந்திருக்கின்றன.

6. சட்டம் எண்ணிய மணிகள்

அரசும் இந்தத் தொழிலில் மணிகளை எண்ணியது; ஆனால் வேறு மணிகளை. பின்னல் போட அழகுக்கலை உரிமம் வேண்டும் என்று பல மாநிலங்கள் வற்புறுத்தின. கலிபோர்னியாவில் அதற்கு 1,600 மணி நேரப் படிப்பு, யூட்டாவில் 2,000. அப்பாடத்திட்டத்தில் இரசாயனமும் வெட்டும் சாயமும் நிறைந்திருந்தன. பின்னலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. இவ்விதியை எதிர்த்து 'கார்ன்ரோஸ் அண்ட் கோ' இணையர் வாஷிங்டனில் தொடுத்த வழக்கு 1992-இல் நீதிமன்றத்தில் தோற்றாலும், மாநகர அவை பின்னர் விதியைத் தளர்த்தியது. 1999-இல் ஜோஆன் கார்ன்வெல் கலிபோர்னியாவில் இத்தகைய வழக்கில் வென்றார். சியரா லியோனில் சிறுவயதிலேயே பின்னல் கற்ற ஜெஸ்டினா கிளேட்டன் 2012-இல் யூட்டாவில் வென்றார். பாட்டியிடம் கற்ற கலைக்குப் பொருந்தாத பள்ளிக் கட்டணம் நீங்கியது பெரிய நீதி.

வாடிக்கையாளர் பக்கம் ஒரு வெற்றிடம் எஞ்சியது. பொருந்தாத உரிமம் போன இடத்தில், இறுக்கம், சீப்பின் தூய்மை, சவுரியின் தரம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் நெறிகள் எல்லா இடத்திலும் வந்து சேரவில்லை. 2025-இல் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 10 செயற்கைச் சவுரி வகைகளைச் சோதித்து, அனைத்திலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்களைக் கண்டது. மாற்றாக மனித முடி நாடுவோரும் உண்டு. அச்சந்தையில் இந்திய முடிக்குப் பெரும் பங்குண்டு. திருப்பதியிலும் தமிழகக் கோயில்களிலும் காணிக்கையாக இறக்கிய முடி ஏலம் போய், கப்பலேறி, இந்நாற்காலிகள் வரை சென்று சேர்கிறது.

7. இலக்கியச் சான்றும் கைபேசிக் காலமும்

வாடிக்கையாளர் அனுபவத்தை ஆவணங்களைவிட இலக்கியம் நுட்பமாகப் பதிந்திருக்கிறது. சிமமாண்டா அடிச்சியின் 2013-ஆம் ஆண்டு நாவல் 'அமெரிக்கானா', பின்னல் போட்டுக்கொள்ள நாயகி பிரின்ஸ்டனிலிருந்து ட்ரென்டனுக்கு ரயிலேறுவதோடு தொடங்குகிறது. செல்வர் வாழும் ஊரில் அவள் தலைக்கு ஒரு நாற்காலி இல்லை என்பதே முதல் செய்தி. 2023-இல் பிராட்வேயில் அரங்கேறிய ஜோஸலின் பயோவின் 'ஜாஜாஸ் ஆப்பிரிக்கன் ஹேர் பிரெய்டிங்' நாடகம் ஹார்லெம் நிலையமொன்றின் ஒரு நாளைச் சொல்கிறது. மெல்லிய பின்னல் கேட்டு வந்த இளம்பெண் காலை முதல் ஒரே நாற்காலியில் இருக்கிறாள். பின்னுபவளின் வாழ்க்கைக் கதை முழுவதும் அவள் காதில் இறங்குகிறது. அறிமுகமில்லாத விரல் நாள் முடிவில் அறிமுகமாகிவிடுகிறது. முற்றத்து உறவின் எச்சம் இன்னும் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

கைபேசி வழி முன்பதிவு அடுத்த திருப்பம். இளம் பின்னல் கலைஞர் பலர் இன்ஸ்டாகிராமில் படமிட்டு, முன்பணம் பெற்று, விதிகளை எழுதி வைக்கின்றனர்: தலைக்குக் குளித்து, முடியை உலர்த்தி நீட்டி வர வேண்டும், தாமதத்துக்குத் தனிக்கட்டணம், துணைக்கு ஆள் கூடாது. காத்திருப்பு குறைந்தது உண்மை. ஆனால் முன்பு நிலையம் செய்த கழுவலும் சிக்கெடுப்பும் வாடிக்கையாளர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. பின்னுபவர் தலையில் இருந்த சுமை பின்னிக்கொள்பவர் தலைக்கு மாறியிருக்கிறது.

முடிவுரை

முற்றத்தில் நேரத்தை உறவினர் பகிர்ந்து தாங்கினர். தோட்டத்தில் அது பறிக்கப்பட்டது. 116-ஆம் தெருவில் பின்னுபவர் தனியே தாங்கினார். கைபேசிக் காலத்தில் வாடிக்கையாளர் பெரும்பங்கைத் தாங்கத் தொடங்கியிருக்கிறார். சிரித்துப் பேசப் பயிற்சி கொடுத்தால் இந்தக் குறைகள் தீரா. விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் மணியும் எழுதப்பட வேண்டும். அடர்ந்த தலைக்கு ஆகும் கூடுதல் மணிக்கு உரிய கூலியும் வெளிப்படையாக இருக்க வேண்டும். அப்போது பின்னுபவர் ஓட வேண்டியதில்லை. நெற்றியோரத்துக்கு வரும்போது விரலை நிறுத்தி, வலிக்கிறதா என்று கேட்க அவருக்கு நேரம் இருக்கும்.