நூலில் ஏறிய சாயமும் நீரில் நின்ற உப்பும்

திருமண விருந்தின் பிரியாணிக்கும் பெருநாள் இனிப்புக்கும் நிறமூட்ட நம் இல்லங்களில் கேசரிப் பொடி பன்னெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பெயரில் குங்குமப்பூவைத் தாங்கியிருந்தாலும் பொடியில் குங்குமப்பூ துளியும் இல்லை. அதில் பெரும்பாலும் இருப்பது டார்ட்ரசின் போன்ற செயற்கைச் சாயமே. 1884ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உருவான டார்ட்ரசின், கம்பளிக்கும் பட்டுக்கும் நிறமேற்றவும் உதவியது. அடுப்பங்கரைக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே நாம் எண்ணுவதினும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை ஆராய்ந்தால், திருப்பூரின் நொய்யலாற்றுக்கு நேர்ந்த கதியின் காரணமும் புலப்படும்.

கம்பளி ஏற்கும், பருத்தி ஏற்காது

உணவுச் சாயத்தைக் கொண்டு வீட்டிலேயே நூலுக்கு நிறமேற்றலாம்; ஆனால் அது கம்பளி நூலாகவோ பட்டு நூலாகவோ இருத்தல் வேண்டும். சிட்டத்தை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, சாயம் கரைத்த நீரிலிட்டு, கொதிக்கவிடாமல் மெல்லச் சூடேற்றினால் சிறிது நேரத்தில் ஓர் அதிசயம் நிகழும். நிறம் முழுவதும் நூலில் ஏறிவிட, பாத்திரத்து நீர் தெளிந்து நிற்கும்.

கம்பளியும் பட்டும் விலங்கிலிருந்து வந்த புரத இழைகள். புளிப்பு நீரில் அவை பெறும் மின்னேற்றம் சாயத்தின் எதிர் மின்னேற்றத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. பருத்தியோ தாவர இழை. அதனிடம் அத்தகைய பிடிப்பு இல்லை. அதே சாயத்தில் பருத்தி நூலை நாள் முழுதும் வேகவைத்தாலும் முதல் அலசலிலேயே நிறம் போய்விடும். பருத்தி நாடான நம் நாட்டின் சாய வரலாறு முழுவதும், நிறத்தை ஏற்க மறுக்கும் இவ்விழையை எவ்வாறு இணங்கவைப்பது என்ற ஒரே வினாவுக்கு விடை தேடிய வரலாறுதான்.

அவுரியும் சாயவேரும்

சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் இவ்வினாவுக்கு இரு விடைகள் கண்டனர். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு இம்பூறல் எனப்படும் சாயவேர். துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து, படிகாரம் ஏற்றி, பின்னர் வேரை இட்டுக் கொதிக்கவைத்தனர். படிகாரம் இழையையும் நிறத்தையும் பிணைத்தது. வெளுக்காத அச்சிவப்பை நாடிக் கடல் கடந்து வணிகர் வந்தனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டும் உரிமையை ஒல்லாந்தர் தம் வசமே வைத்திருந்தனர் என்றால் அதன் மதிப்பை நாம் உணரலாம். வேர் கிண்டியவர்களும் அவுரி பயிரிட்டவர்களும் பட்ட துன்பமும் அம்மதிப்பின் மறுபக்கமே.

அரபு மொழி இவ்வரலாற்றில் ஓர் அழியாத் தடத்தைப் பதித்துள்ளது. வடமொழியின் ‘நீலம்’ பாரசீகம் வழியாக அரபில் ‘அந்நீல்’ ஆயிற்று. அதுவே போர்த்துக்கேய மொழியில் ‘அனில்’ ஆனது. 1840ஆம் ஆண்டில் அவுரியிலிருந்து பெற்ற ஒரு பொருளுக்கு வேதியியலாளர் ஃபிரிட்சே ‘அனிலின்’ என்று பெயரிட்டார். நிலக்கரித் தாரிலிருந்தும் கிடைத்த அந்த அனிலினைக் கொண்டு 1856ஆம் ஆண்டில், பதினெட்டே வயதான வில்லியம் பெர்கின் இலண்டனில் ஊதாச் சாயத்தை ஆக்கினார். 1868இல் சாயவேரின் செந்நிறப் பொருளான அலிசரின் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1897இல் செருமானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை அவுரியைச் சந்தைக்கு அனுப்பியது. நம் வேரும் இலையும் விலையிழந்தன. உணவில் கலக்கும் செயற்கை நிறங்களும் இந்தத் தார்க் குடும்பத்தின் வழிவந்தவையே.

வெள்ளைப் பனியனும் வண்ணச் சட்டையும்

1920களில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் தொழில்முனைவர் ‘பேபி நிட்டிங்’ என்ற பெயரில் தொடங்கிய தொழிலகமே திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தொடக்கம் என்பர். அன்று முதல் பல பத்தாண்டுகள் திருப்பூர் என்றால் வெள்ளைப் பனியன்தான். சலவைப்பட்டறைகள் இருந்தன, சாயப்பட்டறைகள் மிகுதியாக இல்லை. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி 1980களில் பெருகியபோது, வெளிநாட்டார் கேட்டது வண்ணச் சட்டை. சாயப்பட்டறைகள் நொய்யற்கரை நெடுகப் பெருகின.

பருத்தியை இணங்கவைக்கும் புதிய விடை அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தது. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் அறிமுகப்படுத்திய வினைச் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே கலந்துவிடுபவை. ஆனால் நீரில் பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கத்தைத் தணிக்க உப்பு வேண்டும்; அதுவும் சிட்டிகைக் கணக்கில் அன்று. அடர்ந்த நிறமாயின் லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் இடவேண்டும். படிகாரம் இழையில் தங்கிவிடும். உப்போ தன் பணி முடிந்ததும் முழுமையாகக் கழிவு நீருக்கே திரும்பிவிடும். பற்றாமல் எஞ்சிய சாயமும் அதனுடன் செல்லும்.

நொய்யலின் வழக்கு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல் நிறம் மாறி ஓடியபோது மக்கள் கண்டு குமுறினர். 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழத் தொடங்கின. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை அவை பெருமளவு நீக்கின. கண்ணுக்குத் தெரியாத உப்பு நீரிலேயே நின்றது. பாசனத்துக்கென 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணை நீரைத் திறந்துவிடுங்கள் என்று உழவர் கேட்பதே உலக வழக்கு. திறக்காதீர்கள் என்று உழவர் மன்றாடிய கொடுமை இங்கே நிகழ்ந்தது.

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2009இல் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறைகளின் பொறுப்பை வலியுறுத்தியது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எய்தும்வரை எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. வேலையிழந்த தொழிலாளர் ஊர் திரும்பினர். அவர்களின் துயரமும் உண்மையே. பின்னர், நீரைச் சவ்வினால் வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை அமைந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எனினும் பிரித்தெடுக்க இயலாத கலப்பு உப்பைப் பாதுகாத்து வைக்கும் சுமை தொடர்கிறது.

நாம் கொள்ளவேண்டியது

சாயம் தோய்ப்பவரை அரபு மொழி ‘சப்பாக்’ என்னும். திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 138ஆம் வசனம், இறைவன் அருளும் நெறியை அதே வேர்ச்சொல்லால் ஒரு வண்ணமாகவே உருவகிக்கிறது. உள்ளும் புறமும் ஊடுருவி நிலைப்பதே மெய்யான வண்ணம் என்பதை அவ்வுருவகம் நமக்கு உணர்த்துகிறது. அதனை ஓதும் நாம், நீர் ஓர் அமானிதம் என்பதையும் மறத்தலாகாது.

உணவுச் சாயம் நூலுக்குச் செல்வதில் பெருங்கேடில்லை. நூற்சாயம் உணவுக்கு வருவதே கேடு. துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடைசெய்ததை நாம் அறிவோம். வீட்டிலே ஒரு சிட்டம் கம்பளி நூலுக்கு நிறமேற்றும் நம் பெண்மக்கள், நூலின் அழகை மட்டும் பார்ப்பதில்லை. பாத்திரத்து நீர் தெளிந்துவிட்டதா என்பதையும் பார்த்தே அடுப்பை அணைக்கின்றனர். அந்தக் கவனம் சாயத்தொழில் முழுமைக்கும் வாய்க்கவேண்டும். கடைக்காரரிடம் சாயம் போகுமா என்று கேட்டு வாங்கும் நாம், அது எங்கே போயிற்று என்றும் கேட்கக் கற்றுக்கொள்வோமாக!