சியாட்டிகா: இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி

சியாட்டிகா என்பது கீழ் முதுகிலோ பிட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால், பாதம் வரை இறங்கும் வலி. இதைத் தனி நோய் என்பதைவிட அறிகுறி என்பதே பொருத்தம். முதுகெலும்பின் அடிப்பகுதியில் வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகும் சியாட்டிக் நரம்பே உடலின் மிகப் பருமனான நரம்பு. அந்த வேர்களில் ஒன்று நசுங்கினாலோ அழற்சி கண்டாலோ காலில் வலி தெரியும்; பெரும்பாலும் ஒரு பக்கக் காலில்தான். "ஜவ்வு விலகிடுச்சு" என்று நம்மூரில் சொல்வது பல நேரங்களில் இதைத்தான்.

பழங்கால மருத்துவர்கள் இந்த வலியை நன்றாகவே கவனித்திருந்தார்கள். கிரேக்கர்கள் இடுப்பு மூட்டைக் குற்றம் சொன்னார்கள். சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் இதைக் 'கிருத்ரசி' என்னும் வாத நோயாக வகுத்தன. காலைத் தூக்க முடியாமல் போவதைச் சுசுருத சங்கிதை இதன் அடையாளமாகவே சொல்கிறது. சூடு போடும் சிகிச்சை இரண்டு மரபுகளிலும் இருந்தது.

வலியின் இருப்பிடம் மூட்டிலிருந்து நரம்புக்கு மாறியது 1764இல். நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமேனிக்கோ கொத்துன்யோ அவ்வாண்டு வெளியிட்ட நூலில், மூட்டு வலியையும் நரம்பு வலியையும் பிரித்துக் காட்டினார். நரம்பின் உறைக்குள் தேங்கும் திரவமே காரணம் என்ற அவரது விளக்கம் நிலைக்கவில்லை, பிரித்தது நிலைத்தது.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்க்கும் பரிசோதனையை இன்றும் மருத்துவர்கள் செய்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் சார்ல் லசேக்கின் பெயரால் அது வழங்குகிறது. ஆனால் 1864இல் சியாட்டிகா பற்றி அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பரிசோதனை இல்லை. 1881இல் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் தம் ஆய்வேட்டில் அதை விவரித்து, ஆசிரியருக்கே பெருமையைக் கொடுத்தார். அதற்கு ஓராண்டு முன்பே, 1880இல், பெல்கிரேடில் லாசா லாசரேவிச் செர்பிய மொழியில் அதை எழுதிவிட்டார். சிறுகதை ஆசிரியராகவும் புகழ்பெற்ற மருத்துவர் அவர். தசை அழுத்துவதால் வலிக்கிறது என்று ஃபோர்ஸ்ட் கருத, நரம்பு இழுபடுவதால் வலிக்கிறது என்று சரியாகச் சொன்னவரும் லாசரேவிச்தான். பெயர் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

நரம்பை அழுத்துவது எது என்ற கேள்விக்குப் பெரிய விடை பாஸ்டனிலிருந்து வந்தது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு, அதாவது டிஸ்க், கிழிந்து பிதுங்கி நரம்பு வேரை நசுக்குகிறது என்று மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1934இல் நிறுவினார்கள். அதுவரை அறுவையில் வெளியே எடுத்த பிதுக்கங்களைக் கட்டி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். பிறகு டிஸ்க் அறுவை பரவியது. 1960களில் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பெய்ன் என்னும் நொதியை ஊசிவழி டிஸ்க்குக்குள் செலுத்திக் கரைக்கும் முறையும் வந்தது. கடும் ஒவ்வாமை போன்ற சிக்கல்களால் அது வழக்கொழிந்தது.

டிஸ்க்கின்மேல் பழி சற்று அதிகமாகவே விழுந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994இல் வெளியான ஆய்வில், 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் 'பல்ஜ்' என்றிருப்பது மட்டும் வலிக்குக் காரணம் ஆகாது. பிதுங்கிய பகுதி பலருக்குத் தானாகவே சுருங்குகிறது. நசுக்கம் மட்டுமல்லாமல், வெளியே கசியும் டிஸ்க் பொருள் தூண்டும் அழற்சியும் வலிக்குக் காரணம் என்பது இப்போதைய புரிதல்.

நெதர்லாந்தில் நடந்த இரு ஆய்வுகள் சிகிச்சையைத் தெளிவாக்கின. படுத்தே கிடப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி விரைவில் குறைந்தாலும், ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறத்தாழ அதே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று 2007இல் இன்னொன்று காட்டியது. காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. சிறுநீர், மலக் கட்டுப்பாடு குலைந்தாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.