சக்காட்

கண்ணின் சலனத்தை ஆராய்வோர் இடைவிடாது வழங்கும் ‘சக்காட்’ என்னும் சொல் சாஸ்திரக் கூடத்தில் பிறந்ததன்று. குதிரையின் கடிவாளத்தைச் சவாரி செய்பவன் வெடுக்கென்று சுண்டியிழுப்பதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியர் எமீல் ஜவால் படிப்போரின் கண்ணுக்குப் பொருத்தினார். வரியின்மேல் கண் வழுக்கிச் செல்வதாக நமக்குத் தோன்றினும், உண்மையில் அது விநாடிக்குச் சுமார் மூன்று முறை தாவித் தாவி நிற்கிறது. சக்காட் எனப்படும் அந்தத் தாவலின் கணத்தில் நாம் ஏறக்குறைய எதையுமே காண்பதில்லை என்பது இன்றும் என்னைப் பிரமிக்கவைக்கும் விஷயம்.

இத்தாவல் படிப்போடு நிற்பதன்று. தேநீர் தயாரிப்பது கண்ணை மூடிக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்து மைக்கேல் லாண்டும் அவருடைய சகாக்களும், அதைத் தயாரிப்பவரின் தலையில் சிறு காமிராவைப் பொருத்திப் பார்வை சென்ற வழியைப் பதிவு செய்து 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஒவ்வொரு சிறு செயலுக்கும் கண் காவல் நிற்பது புலனாயிற்று: கெண்டியைக் கை பற்றுவதற்கு முன்பே கண் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது, கை தன் வேலையை முடிப்பதற்குச் சுமார் அரை விநாடி முன்னதாகவே அடுத்த பொருளை நாடித் தாவிவிடுகிறது, காரியத்துக்கு வேண்டாத பண்டங்கள் எத்தனை கிடந்தாலும் அவற்றின்மீது அது அநேகமாகத் தங்குவதேயில்லை.