வினவியோரும் விடையிறுத்தோரும்: அருங்காட்சியக விளக்கவுரையின் முன்வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

அருங்காட்சியகத்துக்கு வரும் தமிழர்களைப் பற்றி எழுதுவோர் எவரும் எட்கர் தர்ஸ்டனின் குறிப்பொன்றைத் தொடாமல் போவதில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், அதை ஓர் அலுவல் அறிக்கையில் எழுதினார். அதன் சாரம் இது: வேடிக்கை பார்க்க வரும் பெருங்கூட்டத்துக்கு அருங்காட்சியகம் ஒரு தமாஷா வீடு, அங்கே எதை வைத்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஒழுங்காக அடுக்கிய கூடங்களை வாய் திறக்காமல் விரைந்து கடக்கிறார்கள். நாட்டு உருவங்களும் பொம்மைகளும் வண்ணம் தீட்டிய பழ மாதிரிகளும் கலந்து கிடக்கும் இடத்தில் நெடுநேரம் நின்று சத்தம் போடுகிறார்கள்.

வரலாற்றாசிரியர் ஞான் பிரகாஷ் 1999இல் வெளியிட்ட நூலில் இக்குறிப்பை எடுத்தாண்ட பிறகு, காலனிய அறிவியலும் மக்களின் வியப்பும் மோதிய இடத்துக்கு இது சான்றாக நிலைத்துவிட்டது. தர்ஸ்டனின் ஏளனத்தைப் பின்வந்தோர் கண்டித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டம் பார்த்ததே தவிர அறியவில்லை என்ற அவருடைய அடிப்படை முடிவைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். என் மறுப்பு அந்த முடிவின் மேல்தான்.

தர்ஸ்டன் கண்டதையும் அவர் அதற்குச் சொன்ன பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் கண்டவை இரண்டு: ஓரிடத்தில் மௌனமும் விரைவும், வேறோரிடத்தில் பேச்சும் தாமதமும். மௌனத்தை ஒழுக்கமாகவும் பேச்சை அறியாமையாகவும் எடுத்துக்கொண்டது அவருடைய வாசிப்பு. அதே காட்சியை எதிர்ப்பக்கமிருந்தும் வாசிக்கலாம். பெயர்ப்பலகை ஆங்கிலத்தில் பேச, சொல்லித்தர ஆளில்லாத கூடத்தில் மனிதர் வாய்மூடி நடப்பது இயல்பு. தமக்குத் தெரிந்த தொழிலும் சாதியும் காயும் கனியும் உருவங்களாக நிற்கும் இடத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதும் இயல்பே. அங்கே பேசப்பட்டது எதையும் தர்ஸ்டன் பதிவு செய்யவில்லை. ஆகவே ‘சத்தம்’ என்று அவர் எழுதியது விளக்கவுரையே என்று என்னால் நிறுவ முடியாது. அது அறியாமையின் கூச்சல் என்று அவராலும் நிறுவ முடியாது.

அதே அறிக்கைக் காலத்துக் கட்டடங்களும் ஒன்று சொல்கின்றன. 1896இல் எழும்பூர் வளாகத்தில் கன்னிமாரா நூலகத்தோடு அருங்காட்சியக அரங்கும் எழுந்தது. சொற்பொழிவு அரங்குக்குள் போயிற்று, பொருள்கள் கூடங்களில் நின்றன. பேச்சைக் கேட்போர் ஓரிடத்திலும் பொருளைக் காண்போர் வேறிடத்திலுமாகப் பிரிந்தபின், கூடத்தில் எழும் பேச்சு ‘சத்தம்’ ஆவதில் வியப்பில்லை.

இந்தப் பிரிவினை இங்கு என்றும் இருந்ததா? இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல். உ.வே.சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த அந்நூலில், திருப்பரங்குன்றத்துக்கு வந்தோர் முருகனை வணங்கியபின் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்னும் ஓவியக் கூடத்தில் உலவும் காட்சி வருகிறது. பண்டைத் தமிழகத்தில் ஓவிய மண்டபம் இருந்தது என்பதற்குக் கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் காட்டுவது வழக்கம். தீட்டப்பட்டவை எவை என்று அவர்கள் பட்டியலிட்டார்கள். பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

மூவகைப் பார்வையாளர் அங்கே இருக்கிறார்கள். கதிர்களும் கோள்களும் சுழலும் வான்வட்ட ஓவியத்தில் ஆழ்ந்திருப்போர் ஒரு வகை. இரதியையும் காமனையும் சுட்டி இவள் யார், இவன் யார் என்று கேட்க, அதற்கு விடை சொல்வோர் இரண்டாம் வகை; இவர்களைப் பாடல் ‘வினா இறுப்போர்’ என்கிறது. பூனையாய் நழுவும் இந்திரன், அகலிகை, சினந்த கௌதமன், கல்லான உரு என ஒரு கதையை வரிசையாகச் சொல்லிச் செல்வோர் மூன்றாம் வகை, இவர்கள் ‘உரைசெய்வோர்’. கேட்டதற்கு விடை தருவதும் கேளாமலே கதையை விரிப்பதும் வேறு வேறு என்று புலவர் நப்பண்ணனார் அறிந்திருக்கிறார். இன்றைய அருங்காட்சியக வழிகாட்டிகளுக்குக் கற்பிக்கப்படும் வேறுபாடும் இதுதான்.

கேட்பவர்களுக்குப் பாடல் தரும் பெயர் ‘விரகியர்’. இந்த ஒரு சொல்லிடம் சற்று நிற்க வேண்டும். ‘விரகு’ என்பதிலிருந்து வந்ததாகக் கொண்டால் சாதுரியம் உடையவர்கள் என்றாகும். ‘விரகம்’ என்பதோடு சேர்த்தால் காதல் வயப்பட்டவர்கள் என்றாகும். ‘வினா’, ‘விரகு’ என்ற ஓசையுறவு முதற்பொருளுக்கு இடம் தருகிறது. இரதியும் காமனும் படமாக நிற்பது இரண்டாம் பொருளுக்கு இடம் தருகிறது. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் இரண்டாவதைக் கொண்டாலும் என் வாதம் விழாது. காமன் படத்தின் முன் நின்று காதலரிடம் ‘இவன் யார்?’ என்று கேட்பவருக்கு விடை தெரியாமலா இருக்கும்? எப்பொருளில் பார்த்தாலும் கேள்வி அறியாமையின் அடையாளமாக அங்கே இல்லை. விவரம் அறிந்தவரே கேட்கிறார்; கேட்பதில் ஒரு சுவை இருக்கிறது. ஒரே சொல் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் அந்த மண்டபத்தில் பேச்சு இருந்தது என்பதற்கு இந்தச் சொல்லே தேவையில்லை. கேட்போர், விடை சொல்வோர், உரைப்போர் எல்லாருமே பேசுகிறார்கள்.

இப்பாடலின் காலத்தை வைத்து ஆண்டுவரிசை கட்டுவது ஆபத்து. பதினோராம் பரிபாடலில் உள்ள வானியல் குறிப்பைக் கொண்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 என்று கணித்தார். அதை ஏற்காதவர்கள் பல நூற்றாண்டுகள் முன்னே கொண்டுபோகிறார்கள். பத்தொன்பதாம் பாடலுக்கு அத்தகைய பிடிகூட இல்லை.

இடைக்காலக் கண்ணிகளும் அறுந்தே கிடக்கின்றன. இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையில் சேதுபதிக்கு மதுரை நாயக்கர் விசயரங்க சொக்கநாதர் மணிமுடி மரியாதை செய்யும் காட்சியைக் கொண்டு, ஓவியங்கள் முத்து விசய ரகுநாத சேதுபதி காலத்தவை என்பர். அவர் பட்டமேறியது 1710 என்பாரும் உண்டு, 1713 என்பாரும் உண்டு. அங்கே படத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. விளக்குவோர் குரல் சுவரில் எழுத்தாக ஏறியதன் தடயமாக இதைக் காண்கிறேன். ஆனால் திருப்பரங்குன்றத்திலிருந்து நேராக இங்கு வந்த மரபு இது என்று சொல்லத் துணியமாட்டேன்.

விளக்குவோரைக் கூடத்துக்குள் முறைப்படி கொண்டுவரும் முயற்சி மேற்கில் நடந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ‘டோசண்ட்’ என்ற விளக்குநர் முறையை 1907இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1911இல் வழிகாட்டி விரிவுரையாளரை நியமித்தது. பாஸ்டனில் அம்முறை தொடங்கியபோது தர்ஸ்டன் இன்னும் எழும்பூரில்தான் இருந்தார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917இல் அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியேற்றார். கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்று 1941இல் அருங்காட்சியகத்தார் முன்னிலையிலேயே கேட்டார். கண்ணுக்கு இதமாக இருப்பது போதாது, பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை விளக்க வேண்டும் என்பது அவர் நிலை.

பேச்சுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு மதுரைப் பக்கம் அருங்காட்சியகத்துக்கு வெளியே மீண்டும் கூடியது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்த 2010இல், அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கியது பசுமை நடை. மாதந்தோறும் மக்கள் சமணக் குன்றுகளில் ஏறுகிறார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறைமேல் நின்று கல்வெட்டை வாசித்துக் காட்டுகிறார்கள். குழந்தைகள் குறுக்கிட்டுக் கேட்கிறார்கள். சொற்பொழிவும் பொருளும் ஒரே வெயிலில் நிற்கின்றன. காக்க வேண்டும் என்று வந்தவர்களே இங்கே கேட்போராகவும் இருக்கிறார்கள்.

நான் இருந்து எழுதும் ராசிங்காபுரம் என்ற ஊரிலிருந்து பார்த்தால் தர்ஸ்டனோடு ஏன் இவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்கிறேன் என்பது விளங்கும். எழும்பூர் இங்கிருந்து ஓர் இரவுப் பயணம். பக்கத்திலுள்ள போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களிலோ இராமாயணம் ஓவியமாக இருக்கிறது. விடியலில் ஜீப்பேறி போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், காயின் பச்சையையும் திரட்சியையும் ஒரு பார்வையில் தரம் பிரிப்பவர்கள். ‘விரகு’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சுவரின் முன் அவர்களை நிறுத்தும் நாளில் விளக்குபவர் முதலில் வாயைத் திறக்காமல் இருந்தால், பேச்சு அவர்களிடமிருந்தே தொடங்கும்.

‘விரகியர்’ என்பதற்குக் காதலர் என்பதே பொருள் என்று நாளை யாரேனும் தக்க சான்றோடு நிறுவலாம். அப்போது இக்கட்டுரையில் அறிவு என்று எழுதிய இடங்களில் விளையாட்டு என்று திருத்திக்கொள்வேன். தர்ஸ்டன் கேட்ட சத்தம் அப்போதும் வெறும் சத்தமாகிவிடாது.