ஒல்லி பின்னா, குண்டு பின்னா?

உங்கள் வீட்டு மேஜை டிராயரை இழுத்துப் பாருங்கள். நாலைந்து சார்ஜர் கேபிள்கள் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடக்கும். ஒன்று போனில் நுழையாது. ஒன்று நுழையும், சார்ஜ் ஏறாது. இன்னொன்று, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும்! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து ஆரணிக்குத் திரும்புகிற தொழிலாளி வீட்டிலும் இதே கதைதான்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஒரு பகுதி நம்ம ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது.

2006-ல் அங்கே நோக்கியா தொழிற்சாலை வந்தது. அந்தக் காலத்தில் யாரிடமாவது சார்ஜர் கேட்டால், 'ஒல்லி பின்னா, குண்டு பின்னா?' என்று திருப்பிக் கேட்பார்கள். ஞாபகம் இருக்கிறதா? குண்டு பின் 3.5 மில்லிமீட்டர், ஒல்லி பின் 2 மில்லிமீட்டர். ஒரே கம்பெனிக்குள்ளேயே இரண்டு! மற்ற கம்பெனிகளோ ஆளுக்கொரு துவாரம் வைத்திருந்தன.

2009-ல் ஐரோப்பிய யூனியன் தலையிட்டது. பெரிய கம்பெனிகள் 'எல்லோரும் மைக்ரோ யூ.எஸ்.பி.' என்று ஒப்பந்தம் போட்டன. ஆப்பிளும் கையெழுத்திட்டது. ஆனால், அடாப்டர் கொடுத்தால் போதும் என்றொரு சந்து அதில் இருந்தது. 2012-ல் ஆப்பிள், 'லைட்னிங்' என்று தனக்கென ஒரு புது பின்னைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம்தானே, சட்டமா என்ன?

2014-ல் இரண்டு சம்பவங்கள். எப்படிச் செருகினாலும் நுழைகிற 'டைப்-சி' பிறந்தது. நவம்பர் 1-ம் தேதி, வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போச்சு. பூட்டிக்கிடந்த அந்த ஆலையை 2019-ல் வாங்கியது யார் தெரியுமா? பின்லாந்தில் பிறந்த சால்காம்ப் – சார்ஜர் செய்கிற கம்பெனி!

2022-ல் ஐரோப்பா சட்டமே போட்டுவிட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களுக்கு டைப்-சி கட்டாயம். ஆப்பிள் முன்கூட்டியே, 2023-ல் ஐபோன் 15-லேயே இறங்கி வந்தது. அந்த போனும் ஸ்ரீபெரும்புதூரில் தயாரானது.

அப்பாடா, பிரச்னை தீர்ந்ததா? இல்லை. இப்போது எல்லா கேபிளுக்கும் ஒரே முகம், குணம்தான் வேறு. முழுத் தரமான சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 5 ஆம்பியருக்கு, பின்னுக்குள் ஒரு குட்டி சிப் வேண்டும். சில மலிவு கேபிள்களில் டேட்டா கம்பியே கிடையாது. சார்ஜ் ஏறும், போட்டோ நகராது. அந்தக் காலத்தில் பொருந்தாத பின்னைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கினோம். இப்போது குறை உள்ளே ஒளிந்திருக்கிறது.

எனவே, இனி கடையில் 'டைப்-சி இருக்கா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எத்தனை வாட்? டேட்டா போகுமா?' என்றும் கேட்டு வாங்குங்கள்.