மறதியை எண்ணுகிறவர்கள் யார்?

புள்ளலூருக்கு வரலாற்றில் இரண்டு முறை இடம் கிடைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை இங்கேதான் அழித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அது ஓவியமாக நிற்கிறது. செப்பேட்டிலும் சரி, சுவரிலும் சரி, இந்த ஊரில் ஏர் ஓட்டியவர்கள் இல்லை. எழுதப்படுகிற ஊர் ஒன்று, எழுதுகிற கை வேறொன்று. அறிவியலின் வரலாறும் இதற்கு விலக்கல்ல என்பதே நான் சொல்ல வருவது.

என் ஆயா இந்த ஊர்க்காரி. எண்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்தை மிதிக்காதவள். மறதி முற்றியபோது ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். தாளும் கையுமாக ஒரு பையன் கேட்டான்: "பாட்டி, இன்னிக்கு என்ன தேதி?" ஆயா சொன்னாள்: "அமாவாசை போயி நாலு நாள் ஆச்சு. தேதியெல்லாம் எனக்கு எதுக்குப்பா?" மார்க் கிடையாது. "ஒரு வாக்கியம் எழுதுங்க" என்றதும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கும் கிடையாது. போனது ஞாபகமா, பள்ளிக்கூடமா? தாளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த மாதிரித் தாளின் மூலப்பிரதி 1975இல் ஃபோல்ஸ்டீனும் அவரது கூட்டாளிகளும் அமெரிக்காவில் உருவாக்கிய 30 மதிப்பெண் சோதனை. படித்த மனிதனே அதன் 'இயல்பான' மனிதன். எழுத்தறியாதவர்களுக்கென அதை மாற்றியமைத்த இந்தி வடிவம் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வுக்காக வந்தது. வெளியான ஆண்டு 1995.

சோதனை மாறினால் போதுமா? 10/66 என்றொரு ஆய்வுக் குழு 1998இல் தொடங்கியது. மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருந்தும், அது பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே அங்கே நடந்தன என்பதுதான் பெயரின் பொருள். பல நாடுகளிலும் எடுத்த கணக்கை அக்குழு 2008இல் வெளியிட்டது. இந்தியாவில் சென்னையும், நம் பக்கத்து வேலூரின் கிராமங்களும் அதில் உண்டு. அமெரிக்க உளமருத்துவ வரையறைப்படி இந்தியக் கிராமத்து முதியவர்களில் மறதிநோய் 0.3 சதவீதம்தான். கியூபாவில் 6.3. குழு தானே உருவாக்கிய அளவுகோலை வைத்தபோது எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை. காரணம் என்ன? 'அன்றாட வேலை பாதிக்கப்பட்டதா' என்று வீட்டாரைக் கேட்கிறது அந்த வரையறை. நம் வீடுகளில் என்ன பதில் வரும்? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்." அந்தப் பதிலை நோயின்மை என்று வாசித்துவிட்டது ஓர் அளவுகோல். அந்தப் பதிலுக்குள்ளேயே வளர்ந்தவர்கள் கேள்வித்தாள் செய்கிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாமா? இது சலுகைப் பிரச்சினை அல்ல. உண்மை பற்றிய பிரச்சினை.

அந்த இடத்துக்கு வழி எப்படி அடைக்கப்படுகிறது? மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், தன் 4ஆம் பிரிவில் சில 'உன்னத' நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் விலக்கு அளித்தது. சட்டத்தோடு வந்த அட்டவணையில் மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் இருந்தது. மூளைக்கு இடஒதுக்கீடு ஆகாதாம்! 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று நாம் மெச்சுகிற அந்தப் பிராமணச் சபையின் வாரியத்தில் சேர, வயது 35க்கு மேல், 70க்குள், கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. வேதத்தோடு பாஷ்யமும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். நிலம் குறைந்தால் கல்வி ஈடு செய்யும். கல்வியே மறுக்கப்பட்டவனுக்கு எது ஈடு? 'தகுதி' என்கிற சொல்லாடலுக்கு இங்கே ஆயிரம் வயது தாண்டிவிட்டது.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் கறுப்பின ஏழைகளின் சிபிலிசுக்கு மருந்து தராமல் வேடிக்கை பார்த்தது ஓர் அரசு ஆய்வு. முதிய கறுப்பர்களுக்கு மறதிநோய் வெள்ளையரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்கிறார்கள். ஆராய்கிறவர்களில் கறுப்பர்கள் சொற்பம். இதை மாற்றத்தான் அங்கே தேசிய முதுமை நிறுவனம், ஒதுக்கப்பட்ட சமூகங்களின் இளங்கலை மாணவர்களுக்கு உதவித்தொகை, ஆய்வகம், வழிகாட்டி எல்லாம் கொடுத்துப் பயிற்றுவிக்க நிதி தந்தது. முதுகலைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் பாதிப்பேர் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2025இல் புதிய ஆட்சி இம்மாதிரித் திட்டங்கள் பலவற்றை வெட்டியது. கொடுத்த கையே பிடுங்கிக்கொள்ளும் என்பதும் பாடம்தான்.

தமிழகத்தில் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. டாக்டர்கள் வருவார்கள், நல்லது. ஆய்வகக் கதவு வேறு. சம்பளமில்லாத இரண்டு மாதக் கோடைப் பயிற்சி, பட்டணத்தில் தங்க ஒரு அறை, இங்கிலீஷில் ஒரு கடிதம்: இவை சட்டத்தில் எழுதாத கால் வேலி நிலங்கள்.

ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளை வீடு வீடாகத் தாள் நிரப்புகிற கள உதவியாளர்களாக மட்டும் வைத்துக்கொள்வதையும் 'பங்கேற்பு' என்பார்கள். செப்பேட்டைச் சுமந்தவனுக்கும் எழுதியவனுக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். காலனியிலிருந்து அரசுக் கலைக் கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற ஒரு பெண், முதலாமாண்டிலேயே உதவித்தொகையோடு ஆய்வகத்துக்குள் போக வேண்டும். "தேதி என்ன" என்பதற்குப் பதிலாக வேறென்ன கேட்கலாம் என்று தீர்மானிக்கிற இடத்தில் அவள் இருக்க வேண்டும். கட்டுரையில் அவள் பெயரும் இருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் போராட்டங்களில் நாம் இதுவரை எழுப்பாத கோரிக்கை இது. விவாதிப்போம்.