உஸ்மான் ஹம்தி பே: தன் மக்களைத் தானே தீட்டியவர்

கீழைத்தேயவியல் பற்றிய விவாதங்களில் எட்வர்ட் சயீதின் பெயர் தவறாது இடம்பெறும். 1978இல் வெளிவந்த அவரது நூலின் அட்டையில் இருந்தது பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் ‘பாம்பாட்டி’. நீலநிற ஓடுகள் பதித்த சுவரில் சாய்ந்து, படைக்கலன்களுடன் சிலர் அமர்ந்திருக்கின்றனர். ஆடையற்ற சிறுவன் ஒருவன் பாம்பை உடலில் சுற்றிக்கொண்டு நிற்கிறான். ஓடுகளின் நுட்பம் வியக்கத்தக்கது. அவற்றின் முன் அமர்ந்திருக்கும் மனிதர்களோ சோம்பலின் உருவங்கள். முஸ்லிம் உலகை ஐரோப்பிய வரவேற்பறைகளுக்குக் கொண்டுசென்றது பெரும்பாலும் இத்தகைய தூரிகையே.

அதே பாணியைப் பாரிஸில் கற்றுத் தாயகம் மீண்ட ஒரு முஸ்லிம் ஓவியர், அதைக் கொண்டு எதைத் தீட்டினார்?

உஸ்மான் ஹம்தி 1842இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். தந்தை இப்ராஹீம் அத்ஹம் பாஷா, பிற்காலத்தில் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சரானவர். சட்டம் பயில 1860இல் பாரிஸுக்கு அனுப்பப்பட்ட மகனை, ஓவியர் பூலான்ஜேயின் கலைக்கூடம் ஈர்த்துக்கொண்டது. நாடு திரும்பியதும் மித்ஹத் பாஷாவின் கீழ் பக்தாதில் பணியாற்றினார்.

அவருடைய ஓவியங்களிலும் அதே ஓடுகள், விரிப்புகள், விளக்குகள் உண்டு. ஆனால் அவற்றின் நடுவே இருப்போர் நூல் வாசிக்கின்றனர். பள்ளிவாசல் முகப்பில் நின்று உரையாடுகின்றனர். 1880இல் வரைந்த ஓவியத்தில் ஒரு பெண் குர்ஆன் ஓதுகிறாள். அந்தப்புரத்தின் மஞ்சத்தில் படுத்திருக்கும் பெண்ணையே கண்டு பழகிய கண்களுக்கு இது வேறொரு காட்சி.

எனினும் அவரை வெறும் எதிர்ப்பாளராகச் சித்திரிப்பது மிகை. அன்றாட வாழ்வில் மேலங்கியும் சிவப்புத் தொப்பியும் அணிந்த அந்த அதிகாரி, பழைய உடைகளைப் பூண்டு தம்மையே புகைப்படம் எடுக்கச் செய்து, அவற்றைப் பார்த்து ஓவியங்களில் தம் உருவைப் புகுத்தினார். தம் மக்களின் கடந்த காலம் அவருக்கும் ஓரளவு காட்சிப்பொருளாகவே இருந்தது. 1901இல் வரைந்த ஓவியமொன்றில், மிஹ்ராபுக்கு முதுகு காட்டியவாறு, குர்ஆன் வைக்கும் பீடத்தின்மீதே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள்; காலடியில் நூல்கள் சிதறிக் கிடக்கின்றன. இதற்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. எதுவும் நம் மனத்தின் உறுத்தலைப் போக்குவதாயில்லை.

புகழ்பெற்ற ‘ஆமைப் பயிற்சியாளர்’ 1906இல் பிறந்தது. செந்நிற அங்கி அணிந்த முதியவர், கையிலுள்ள குழலை முதுகுக்குப் பின்னே பிடித்தபடி, தரையில் இலைகளைத் தின்னும் ஆமைகளைக் குனிந்து நோக்குகிறார். ஓவியர் தம்மையும் அசைய மறுத்த அரசாங்கத்தையுமே தீட்டினார் என்று பலர் கூறுவர். இக்காட்சியின் மூலம், 1869இல் பிரெஞ்சுப் பயண இதழொன்றில் வெளிவந்த ஜப்பானிய ஆமையாட்டியின் படம் என்பதை வரலாற்றாய்வாளர் எத்ஹம் எல்தெம் எடுத்துக்காட்டியுள்ளார். அதனால் உருவகம் பொய்த்துவிடாது. ஆனால் அதை உறுதியென முழங்குவோர் சற்று நிதானிக்கலாம்.

தூரிகையைவிட அவருடைய எழுதுகோல் சாதித்தது அதிகம் என்பேன். 1881இல் பேரரசின் அருங்காட்சியகத் தலைமையை ஏற்றார். அகழ்ந்தெடுப்போர் தமக்கெனப் பங்கு கொண்டுபோக 1874ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தது. 1884இல் வந்த புதிய சட்டமோ தொல்பொருள்கள் அனைத்தும் அரசின் உடைமை என்றும், அவற்றை நாடு கடத்தலாகாது என்றும் விதித்தது. 1887இல் சைதாவில் அவரே அகழ்ந்தெடுத்த, அலெக்சாந்தரின் பெயரால் வழங்கும் கல்பேழை இஸ்தான்புல் வந்து சேர்ந்தது. அதற்காகவே எழுப்பப்பட்ட கட்டடம் 1891இல் திறக்கப்பட்டது.

அவர் முதல்வராயிருந்த நுண்கலைக் கல்லூரி 1883இல் தொடங்கியது. அங்குப் பயின்ற இப்ராஹீம் சல்லியும் தோழர்களும் பாரிஸ் சென்று, 1914இல் போர் மூண்டபோது திரும்பினர். அவர்கள் கொண்டுவந்தது ஒளியையும் வண்ணத்தையும் முதன்மைப்படுத்திய பதிவுநவிற்சி. ஆசானின் நுணுக்கமான ஓடுகளுக்கு அதில் இடமில்லை. அவரோ 1910இலேயே காலமாகிவிட்டார். வாசிக்கும் பெண்களைத் தீட்டியவரின் கல்லூரியில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. அவர்களுக்கெனத் தனிக் கலைப்பள்ளி திறக்கப்பட்டது 1914இல். அங்கு ஓவியம் கற்பித்தவர்களுள் ஒருவர் மிஹ்ரி ஹானிம் என்ற பெண்மணி.